பாவு பிடித்த குற்றம்

தெருவில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவது குற்றம் என்று எங்களுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உப்புமா கிண்டியிருப்போம். அதற்கும் ஏதாவது விதி இருக்கும் என்பது வேறு விஷயம்.

எங்கள் தெரு ஆரணி பக்கத்துச் சேவூரில் இருக்கிறது. கல்லூரி மைதானத்துக்குப் போகிறவர்கள் இந்தத் தெரு வழியாகத்தான் போகவேண்டும். விடிந்ததும் தெருவில் யாராவது ஒரு வீட்டுக்குப் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, அறுந்த இழையை முடிந்து, பதமாகச் சுருட்டி எடுக்கும் வேலை அது. வெயில் ஏறிவிட்டாலோ காற்று கிளம்பிவிட்டாலோ பட்டு சொன்ன பேச்சு கேட்காது. அதனால் எத்தனை கை கிடைத்தாலும் போதாது. பால்காரர் பிடித்திருக்கிறார். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் பிடித்திருக்கிறார். யார் பிடித்தாலும் அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும். பாவுக்குக் கை கொடுத்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பினால் தறியில் ஏறிய பிறகு இழை அறுந்துகொண்டே இருக்கும் என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், ஓசியில் வேலை வாங்கிவிட்டாள் என்று தெருவில் பேச்சு வந்துவிடுமே என்பது.

திலகவதி வீட்டில் அந்தப் பயம் கொஞ்சம் கூடுதல். அவளும் அவள் புருஷன் தனகோடியும் ஆளுக்கொரு தறி போட்டு நெய்கிறவர்கள். மகள் ஹேமலதா கல்லூரியில் படித்துக்கொண்டு கபடி அணியில் ஆடினாள். அவள் மூலமாகத்தான் அதே அணியில் ஆடிய சூர்யகலா எங்கள் தெருவுக்கு வந்தாள்.

சூர்யகலாவுக்குப் பெரணமல்லூர் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா துரைக்கண்ணு அடுத்தவர் நிலத்தில் பாடுபடுகிறவர். காலைப் பயிற்சிக்கு வரவேண்டுமானால் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்துக்கு அவள் வீட்டில் அடுப்பே பற்றியிருக்காது. முதல் நாள் ஹேமலதா அவளைச் சாப்பிடக் கூப்பிட்டபோது, சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டாள். அவள் வயிறு வேறு ஏதோ சொன்னது. திலகவதி காதில் விழாததுபோல உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் திலகவதி வீட்டுப் பாவு. அந்தப் பக்கமாக ஓடிவந்த பெண்களைக் கூப்பிட்டாள். சூர்யகலா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து பாவைப் பிடித்தாள். ஆளை மடக்கித் தூக்கிப் போடும் கை, இழை ஒன்றைக்கூட நோகவிடாமல் பிடித்தது. வேலை முடிந்து இலை போட்டதும் மறுபேச்சு பேசாமல் உட்கார்ந்து சாப்பிட்டாள். நிறையவே சாப்பிட்டாள். அன்றிலிருந்து காலையில் தெருவுக்குள் நுழையும்போதே இன்றைக்கு எந்த வீட்டில் பாவு என்று பார்ப்பாள். பாவு இல்லாத நாளில் தலையைக் குனிந்துகொண்டு நேராக மைதானத்துக்கு ஓடிவிடுவாள்.

திலகவதிக்கு இது புரிய அதிக நாள் ஆகவில்லை. பாவு இல்லாத நாளில் சிக்கே இல்லாத நூல் கண்டு ஒன்றை எடுத்துவந்து, "இத்தக் கொஞ்சம் புடி சூர்யா, ஒரே பேஜாரா கீது" என்பாள். அந்தப் பெண்ணும் இல்லாத சிக்கை மும்முரமாக எடுத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்காருவாள். இருவருக்கும் உண்மை தெரியும். இருவரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை.

அந்த வருஷம் எங்கள் கல்லூரி மண்டலக் கோப்பையை ஜெயித்தது. இறுதி ஆட்டத்தில் பாதிப் புள்ளிக்கு மேல் சூர்யகலா எடுத்தது. தெருவில் பட்டாசு வெடித்தோம். அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அது கையில் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காவலர் வேலைக்குத் தேர்வாகலாம். உடற்கல்வி ஆசிரியர் தனசேகரன் விசாரித்துவிட்டு வந்து, கிட்டத்தட்ட உறுதி என்றார். அது கிடைக்காவிட்டால் ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகவேண்டியதுதான் என்று வீட்டில் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். ஆகவே அந்தப் பெண்ணின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு தாளில் இருந்தது.

இந்தச் சந்தோஷத்தில் ஹேமலதா ஒரு காரியம் செய்தாள். தெருவில் பாவு ஓரமாக உட்கார்ந்து சூர்யகலா இட்லி சாப்பிடுவதைப் போனில் எடுத்து, பின்னால் குத்துப் பாட்டு ஒன்றைப் போட்டு, 'சாம்பியனின் சாப்பாடு' என்று இன்ஸ்டாகிராமில் விட்டாள். ஊரே பார்த்தது. மண்டல விளையாட்டுத் தூய்மைக் குழுவும் பார்த்தது.

தூய்மைக் குழு என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். கல்லூரி விளையாட்டில் புகுந்துவிட்ட அழுக்கைத் துடைப்பது அதன் வேலையாம். தலைவர் முனைவர் திருமலை, உறுப்பினர் தெய்வநாயகி அம்மாள், செயலர் சுதாகர் ஆகிய மூவரும் வெள்ளைக் காரில் வந்தார்கள். செயலரின் மடியில் விதிப் புத்தகம் இருந்தது. அதற்குத் தனியாக சீட் பெல்ட் போடவில்லை, அவ்வளவுதான்.

கார் தெருவுக்குள் வரமுடியவில்லை. குறுக்கே திலகவதி வீட்டுப் பாவு. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். பாவு நகரவில்லை, பாவு நீட்டிவிட்டால் அமைச்சர் வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். தலைவர் இறங்கினார். சம்பவம் நடந்த விதத்தை நேரில் ஆராய வேண்டும் என்று சொல்லி அவரே பாவின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். செயலர் போட்டோ எடுத்தார். தலைவர் பிடித்த பிடியில் நான்கைந்து இழைகள் அறுந்தன. திலகவதி அவற்றை முடிந்துகொண்டாள். வேலை முடிந்ததும் வழக்கப்படி அவருக்கும் இலை போட்டாள். தலைவர் திருப்தியாகச் சாப்பிட்டார். மிளகாய்ப் பொடிக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் கேட்டார்.

பிறகு ஆய்வு தொடங்கியது. பட்டு நிறுக்கும் தராசில் ஒரு இட்லியை வைத்து நிறுத்தார்கள். சட்னியை இட்லியோடு சேர்ந்த பொருளாகக் கருதுவதா, தனிச் சலுகையாகக் கருதுவதா என்று தலைவருக்கும் தெய்வநாயகி அம்மாளுக்கும் நீண்ட நேரம் கருத்து வேறுபாடு இருந்தது. சட்னி இல்லாமல் இட்லி இறங்காது என்பதால் அது போக்குவரத்து வசதியில் சேரும் என்று கடைசியில் முடிவானது. செயலர் அதைக் குறித்துக்கொண்டார்.

அன்று சாயந்திரம் தனசேகரன் திலகவதி வீட்டுக்கு ஓடிவந்தார். மனிதர் விதிப் புத்தகத்தை வாங்கிப் படித்திருந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். வேலை செய்ததற்குக் கூலியாக ஒரு வீராங்கனை எதைப் பெற்றாலும் அவள் தொழில்முறை ஆட்டக்காரி ஆகிவிடுவாள். சான்றிதழ் ரத்து, வாழ்நாள் தடை. ஆனால் ஏழை என்று இரக்கப்பட்டு யாராவது தானமாகக் கொடுத்திருந்தால் அது சின்னத் தவறு. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்து விட்டுவிடுவார்கள்.

"நாளைக்கு விசாரணைல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க போதும்மா. பாவம் பசிச்ச புள்ள, சும்மா குடுத்தேன்னு சொல்லிடுங்க. பாவு கீவுன்னு வாயத் தொறக்காதீங்க."

திலகவதி சரி என்றாள். அன்று ராத்திரி முழுக்கத் தறியில் உட்கார்ந்தபடி அதையே சொல்லிப் பார்த்தாள். பசிச்ச புள்ள, சும்மா குடுத்தேன். தனகோடி பக்கத்துத் தறியிலிருந்து, நல்லாத்தான் வருது, நாளைக்கும் இதே மாதிரி சொல்லு என்றார்.

விசாரணை கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் நடந்தது. மேடையில் பூ ஜாடி, தண்ணீர் பாட்டில், குழுவினருக்குப் போர்த்துவதற்குச் சால்வைகள். எங்கள் தெருவே போயிருந்தது. கடைசி வரிசையில் துரைக்கண்ணு உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மகளுக்கு ஏதோ பாராட்டு விழா என்று நினைத்துத்தான் வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம். சூர்யகலாவை மேடைக்கு முன்னால் நிற்க வைத்திருந்தார்கள்.

தலைவர் முதலில் உரையாற்றினார். முப்பது வருஷமாக விளையாட்டுத் துறையில் இருப்பதாகவும், இதுவரை ஒரு மைதானத்தில்கூடக் கால் வைத்ததில்லை என்பதால் தன் பார்வை நடுநிலையாக இருக்கிறது என்றும் சொன்னார். பசி விளையாட்டு வீரருக்கு இயற்கை கொடுத்த பயிற்சி என்றார். வெறும் வயிற்றோடு ஆடுகிறவரும் சாப்பிட்டுவிட்டு ஆடுகிறவரும் சமமாக மோதுவது எப்படி நியாயமாகும், ஆகவே எல்லோரும் வெறும் வயிற்றோடு ஆடுவதே சமத்துவம் என்றார். முதல் வரிசையில் கைதட்டினார்கள். முதல் வரிசையில் இருந்தவர்களுக்கு அப்போதுதான் கேசரியும் போண்டாவும் வந்திருந்தன.

தனசேகரன் எழுந்து, ஐயா நேற்றுப் பாவு பிடித்துவிட்டு அதே இட்லியைத்தானே சாப்பிட்டீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தலைவர் கோபப்படவில்லை. விதிகள் விளையாடுகிறவர்களுக்குத்தான், விளையாடாதவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று விளக்கினார். செயலர் பக்கத்தைக் காட்டினார். உண்மையில் அப்படித்தான் இருந்தது.

பிறகு திலகவதியைக் கூப்பிட்டார்கள். தலைவர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். சீக்கிரம் முடித்துவிட்டு ஆற்காட்டுப் பக்கம் பிரியாணி சாப்பிடப் போகவேண்டும் என்று டிரைவரிடம் சொல்லியிருந்தாராம். அந்தப் பெண்ணை விட்டுவிடவே நினைத்தார். அதனால் பதிலையும் அவரே சொல்லிக் கொடுத்தார்.

"பயப்படாதீங்கம்மா. இந்தப் பொண்ணு சாப்பாட்டுக்கு வழியில்லாம தினமும் உங்க வாசல்ல வந்து நிக்கும். நீங்க மனசு இரங்கி, ஏதோ பிச்சைக்காரங்களுக்குப் போடற மாதிரி ரெண்டு இட்லி போடுவீங்க. அவ்வளவுதானே? ஆமான்னு சொல்லுங்க, எழுதிக்கிறோம்."

சூர்யகலா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். களத்தில் அத்தனை பேருக்கு நடுவில் தனியாகப் போய் நிற்கிறபோதும் குனியாத தலை அது. கடைசி வரிசையில் துரைக்கண்ணு தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அவரையும் பலபேர் திரும்பிப் பார்த்தார்கள்.

திலகவதி வாயைத் திறந்தாள். தறியில் அத்தனை முறை சொல்லிப் பார்த்தது வரவில்லை. தனசேகரன் கீழே இருந்து தலையாட்டினார், சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று. அவள் அவரைப் பார்க்கவில்லை. சூர்யகலாவைப் பார்த்தாள், துரைக்கண்ணுவைப் பார்த்தாள்.

"இல்லீங்க. அந்தப் பொண்ணு எங்கிட்ட வந்து கை ஏந்தி நிக்கல. எம் பாவப் புடிச்சிக் குடுத்தா, சாப்ட்டா. ஒரு நாள்கூட வேல செய்யாம ஒரு வாய் வெச்சதில்ல. அது அவ ஒழச்சித் துன்ன சோறு."

தலைவர் முன்னால் குனிந்து, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், அப்படியானால் அது கூலியா என்று கேட்டார்.

"கூலின்னே எழுதிக்கோங்க. பிச்சைன்னு எழுதாதீங்க."

செயலர் எழுதிக்கொண்டார். தனசேகரன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். சூர்யகலா மெதுவாகத் தலையைத் தூக்கித் திலகவதியைப் பார்த்தாள். கடைசி வரிசையில் துரைக்கண்ணு நிமிர்ந்து உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் மகளைப் பற்றி இத்தனை பேருக்கு நடுவில் ஒருவர் நல்லவிதமாகப் பேசியதில் அவருக்குப் பெருமை. அந்தப் பேச்சு எதைக் கொண்டுபோகப் போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை.

தீர்ப்பு தபாலில் வந்தது. சூர்யகலாவின் சான்றிதழ் ரத்து, வாழ்நாள் தடை. அவள் ஆடிய எல்லா ஆட்டங்களிலும் அவள் ஆடவில்லை என்று கருதப்படும். இறுதி ஆட்டத்தில் எங்கள் கல்லூரி ஏழு பேருக்குப் பதில் ஆறு பேரோடு ஆடியதாகவும், ஆறு பேரோடு கபடி ஆடத் தொடங்கியது தனி விதிமீறல் என்பதால் அதற்கும் சேர்த்து இரண்டு வருஷம் அணிக்குத் தடை என்றும் இருந்தது. கல்லூரி வராந்தாவில் மாட்டியிருந்த குழுப் படத்தில் அவள் நின்ற இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டினார்கள். அவள் தோளில் போட்டிருந்த ஹேமலதாவின் கை மட்டும் தாளுக்குள் போய் மறைந்திருந்தது.

கோப்பை இரண்டாம் இடம் பெற்ற கல்லூரிக்குப் போனது. அங்கே ஒரு வளையல் கடைக்காரர் பெண்களுக்கு ஒரே மாதிரி ஹேர்பேண்ட் வாங்கிக் கொடுத்தது தெரியவந்து, அடுத்த கல்லூரிக்குப் போனது. அங்கே பயிற்சியாளரின் மனைவி மோர் கலக்கிக் கொடுத்திருந்தாள். இப்படியே கைமாறிக் கைமாறி, கபடி அணியே இல்லாத ஒரு கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் முதல்வர் கண்கலங்க அதைப் பெற்றுக்கொண்டு, எங்கள் மாணவிகள் ஒரு புள்ளிகூட எடுக்காமல் ஒழுக்கம் ஒன்றினாலேயே இந்த இடத்தை அடைந்தார்கள் என்று பேசினார். பத்திரிகையில் படம் வந்தது.

திலகவதி 'தடைசெய்யப்பட்ட வெளி ஆதரவாளர்' ஆனாள். இனி அவள் எந்த வீராங்கனைக்கும் உணவு கொடுக்கக் கூடாது. ஹேமலதாவும் வீராங்கனை என்பதால் சொந்த மகளுக்குச் சோறு போடலாமா என்று தனசேகரன் எழுதிக் கேட்டார். வீட்டுக்குள், தாய் என்ற முறையில், விளையாட்டைப் பற்றிப் பேசாமல் போடலாம் என்று பதில் வந்தது. ஹேமலதா அணியை விட்டே விலகிவிட்டாள். எங்கள் தெருமுனையில் வீரர்களுக்கு உணவளிக்கக் கூடாது என்று பலகை வைத்தார்கள். கோயில் மலையில் குரங்குகளுக்காக வைப்பார்களே, அந்த மாதிரி பலகை, அதே பெயிண்டரிடம் எழுதி வாங்கியது.

விசாரணைக்கு வந்த மூவருக்கும் கல்லூரி நிர்வாகம் சால்வையோடு ஆளுக்கொரு ஆரணிப் பட்டுப்புடவையும் கொடுத்து அனுப்பியிருந்தது. அது கூலியும் இல்லை, தானமும் இல்லை. மரியாதை. மரியாதையைப் பற்றி அந்தப் புத்தகத்தில் எதுவும் இல்லை. தலைவர் வாங்கிப்போன கத்தரிப்பூ நிறப் புடவை திலகவதி தறியில் நெய்து அறுத்தது. அதற்குப் பாவு பிடித்தது யார் என்று எங்களுக்குத் தெரியும்.

சூர்யகலா வந்து ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டி.சி. வாங்கிக்கொண்டு, ஹேமலதாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திலகவதிக்கு நாலைந்து நாள் தறியில் கை ஓடவில்லை.

"நான் ஆமான்னு தலையாட்டியிருந்தா அந்தப் பொண்ணு இன்னிக்கு போலீசு" என்றாள் மகளிடம்.

"ஆட்டியிருந்தா அவ மறுபடி உன் மூஞ்சியப் பாத்திருக்க மாட்டாம்மா."

"இப்ப மட்டும் பாத்துகினா கீறா?"

இரண்டு பதில்களையும் குற்றமாக்கி வைத்துவிட்டு, எது சின்னக் குற்றம் என்று ஒரு தாயைத் தேர்ந்தெடுக்கச் சொன்னவர்கள் நன்றாகத்தான் தூங்குகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

அதற்குப் பிறகு மழைக்காலம் போய்விட்டது. மெயின் ரோட்டில் குழாய் போடுவதற்குப் பள்ளம் தோண்டிவிட்டதால் பஸ், வேன் எல்லாவற்றையும் எங்கள் தெரு வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். ஒரு நாள் விடியற்காலையில் திலகவதி வீட்டுப் பாவு நீட்டியிருந்தது. ராணிப்பேட்டைக்குப் போகிற கம்பெனி பஸ் ஒன்று வந்து நின்றது. உள்ளே எல்லாம் பெண்கள், எல்லோரும் ஒரே நிறச் சட்டை, பாதிப் பேர் தூக்கத்தில். பாவு சுருட்டி முடியும்வரை பஸ் காத்திருக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது ஜன்னலில் சூர்யகலா இருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஓரத்தில் பாவு தொய்வதைப் பார்த்ததும் அவள் கை தன்னால் மடியிலிருந்து எழும்பியது. பிறகு மடிக்கே போய்விட்டது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து நடுவில் இறங்கக்கூடாது என்று கம்பெனியிலும் விதி இருக்கிறது. பஸ் நின்றுகொண்டிருந்தாலும் அது ஓடுகிற பஸ்தானாம்.

திலகவதி பிடித்திருந்த முனையைத் தனகோடியிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள். அடுப்பிலிருந்து இறக்கின இட்லியை டப்பாவில் போட்டு, மிளகாய்ப் பொடியைத் தூவி, எண்ணெயை ஊற்றி, மூடக்கூட நேரமில்லாமல் ஜன்னலுக்கு வந்து நீட்டினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த ஆசையை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

"சாப்ட்டிருக்க மாட்டே. வாங்கிக்கோ சூர்யா. ஜல்தி, வண்டி கெளம்பிடும்."

சூர்யகலா டப்பாவைப் பார்த்தாள். ஆவி பறந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் விழித்துக்கொண்டு பார்த்தார்கள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"வேணாம் அத்த. இன்னிக்கு நான் பாவு புடிக்கலியே."

பாவைச் சுருட்டி எடுத்துவிட்டார்கள். பஸ் நகர்ந்தது. திலகவதி அதன் கூடவே பத்தடி நடந்தாள், பிறகு தெருமுனைப் பலகைக்கு அருகே நின்றுவிட்டாள். டப்பா கையில் அப்படியே இருந்தது.

தூய்மைக் குழுவின் விதிப்படி அன்று காலை எங்கள் தெருவில் எந்தத் தவறும் நடக்கவில்லை.